கடிகாரக் கடை கோரி

சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய கைக்கடிகாரத்தை என்றைக்காவது பின்மூடி கழற்றிப் பார்த்திருக்கீங்களா? தாத்தா பீரோவில் ஒன்று சும்மா கிடக்கும், எடுத்துப் பாருங்க. (திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் நான் பொறுப்பில்லை.) உள்ளே நகத்தை விடச் சின்னதாகப் பல்சக்கரங்கள், முடி மாதிரி ஒரு ஸ்பிரிங், கடுகை விடச் சின்னத் திருகாணிகள். மெக்கானிக்கல் பசங்க கியர் ரேஷியோன்னு கணக்கு போடுற அதே விஷயம்தான். ஆனா இங்க ஒரு தூசி விழுந்தாலும் மணி தப்பாகிடும்.

இந்த வேலைக்கு நெதர்லாந்து நாட்டில் லைசென்ஸ் வாங்கிய முதல் பெண் கோரி டென் பூம். வருடம் 1922.

உங்கள்ல சில பேருக்கு இந்தப் பெயர் தெரிஞ்சிருக்கும். சர்ச்சுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவங்க சண்டே ஸ்கூலில் கேட்டிருப்பீங்க. நாஜி முகாமிலிருந்து தப்பி வந்து, உலகம் முழுக்க மன்னிப்பைப் பற்றிப் பேசிய வயதான டச்சு அம்மா. கொண்டையும் கண்ணாடியுமாக அந்தப் படம். ஆனா அந்தப் படத்தில் இருப்பவருக்கு ஐம்பது வயது எப்பவோ தாண்டிவிட்டது. அதுக்கு முன்னாடி பல வருஷம் அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தவர். அந்தக் காலத்தை ரெண்டு வரியில் தாண்டிப் போயிடுறாங்க. எனக்கு அதுதான் கதையின் பாதி.

ஊர் ஹார்லெம். ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்து நகரம். 1837ல் கோரியின் தாத்தா வில்லெம் அங்கே ஒரு கடிகாரக் கடை வைத்தார். கீழே கடை, மேலே வீடு. ரெண்டு பழைய ஒல்லி வீடுகளைச் சேர்த்து ஒன்றாக்கியது, அதனால் ஒரு பக்கத் தரைமட்டம் மறு பக்கத்தோடு பொருந்தாது. நடுவில் சுற்றிச் சுற்றிப் போகும் மாடிப்படி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும். அந்த வீட்டுக்குச் செல்லப்பெயர் பேயே. தெருப் பெயரின் சுருக்கம் அது, சிரிக்காதீங்க.

கோரி பிறந்தது 1892 ஏப்ரல் 15. நாலு பிள்ளைகளில் கடைக்குட்டி. மூத்தவர் பெட்சி, அடுத்து அண்ணன் வில்லெம், அப்புறம் நோலி. அப்பா காஸ்பர் ஒரு விசித்திரமான வியாபாரி. சிக்கலான கடிகாரம் ஒன்று ரிப்பேருக்கு வந்துவிட்டால் அதிலேயே மூழ்கிவிடுவார், பில் போட மறந்துவிடுவார். கடையில் இருந்த பெரிய கடிகாரத்துக்குச் சரியான நேரம் வைப்பதற்காகவே வாரம் ஒரு தடவை ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் போய்க் கடற்படையின் வானாய்வுக் கூடத்து நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வருவார். வாரத்துக்கு ஓரிரு செகண்டு கூட முன்னே பின்னே போகாது என்பதில் அவருக்குப் பெருமை. நம்ம போன் தானாகவே நேரத்தைச் சரிபண்ணிக்கிற காலத்தில் இருக்கோம். ஒரு மனுஷன் நேரத்தை ரயிலில் சுமந்து வந்தார்னு யோசிச்சுப் பாருங்க.

கோரி கடைக்கு வந்தது தற்செயல். கடையைக் கவனித்து வந்த அக்கா பெட்சிக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது மாற்றாள் மாதிரி வந்து உட்கார்ந்தார். ஒழுங்காகக் கணக்கு எழுதி, பில் போட ஆரம்பித்தார். பெட்சிக்கோ வீட்டு வேலை பிடித்துப்போனது. ரெண்டு பேரும் இடம் மாறிக்கொண்டார்கள். அப்புறம் ரிப்பேர் வேலை மேலேயே கோரிக்கு ஆசை வந்தது. அப்பாவிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கினார். ஒரு காதல் இருந்தது, அந்தப் பையன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கோரி கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. கடை, சர்ச், பெண் பிள்ளைகளுக்கு கிளப், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வேதாகம வகுப்பு. இப்படியே ஐம்பது வயதை நெருங்கிவிட்டார். அப்போதே அவர் வாழ்க்கை முடிந்திருந்தால் இன்றைக்கு யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

யூதர்கள் மேல் அந்தக் குடும்பத்துக்கு இருந்த அக்கறை போர் வந்த பிறகு முளைத்ததில்லை. தாத்தா வில்லெம் 1844லேயே யூத மக்களுக்காக வாராவாரம் ஜெபக் கூட்டம் நடத்த ஆரம்பித்திருந்தார். பாதிரியாரான அண்ணன் வில்லெம் 1920களிலேயே ஜெர்மனியில் இருந்தபடி யூத வெறுப்பைப் பற்றி ஆய்வு எழுதியவர். போருக்குக் கொஞ்சம் முன்னால் கடையில் ஓட்டோ என்று ஒரு ஜெர்மன் பையன் வேலை பழக வந்தான். வயதான ஒரு தொழிலாளியைத் தெருவில் வைத்துத் தள்ளிவிட்டான். வயசானவங்களுக்கு மதிப்பு இல்லை என்பது அவனுக்கு ஊட்டப்பட்ட பாடம். காஸ்பர் அவனை வேலையை விட்டு அனுப்பினார். அத்தனை வருஷத்தில் அந்தக் கடையிலிருந்து நீக்கப்பட்டது அவன் ஒருத்தன்தான்.

1940 மே மாதம் ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் வந்தது. ஐந்தே நாளில் நாடு சரணடைந்தது. கொஞ்ச காலம் கழித்து எல்லோரும் ரேடியோவை ஒப்படைக்கணும் என்று உத்தரவு. டென் பூம் வீட்டில் ரெண்டு ரேடியோ இருந்தது. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை மாடிப்படி வளைவுக்குள் மறைத்தார்கள். வேறு ரேடியோ உண்டா என்று அதிகாரி கேட்டபோது இல்லை என்று சொன்னது கோரி. சாகிற வரை பொய் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சொன்னதை விட, எவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வந்தது என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

1942 மே மாதம் ஒரு யூதப் பெண் கையில் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். உள்ளே அழைத்துக்கொண்டார்கள். செய்தி பரவி அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். சிலரை கிராமத்துப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பலாம். ஆனால் சாப்பாட்டுக்கு ரேஷன் கார்டு வேணும், யூதர்களுக்குக் கார்டு கிடையாது. ரேஷன் அலுவலகத்தில் வேலை பார்த்த தெரிந்தவர் ஒருவரிடம் கோரி போனார். அந்தாளின் மகளுக்கு கோரி வகுப்பு எடுத்திருந்தார், அந்தப் பழக்கம். அஞ்சு கார்டு கேட்கலாம் என்று போனவர் வாயைத் திறந்ததும் நூறு என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷர் ஆள் வைத்துத் தன்னையே அடிக்க வைத்து, அலுவலகத்தில் திருட்டு நடந்த மாதிரி நாடகம் போட்டு, நூறு கார்டு கொடுத்தார். ரெண்டு வருஷத்துக்குள் கடிகாரக் கடை ஒரு பெரிய ரகசிய வலையமைப்பின் மையம் ஆகிவிட்டது. அந்த வலையமைப்பு வழியாகச் சுமார் 800 யூதர்கள் உயிர் பிழைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

கடை இதுக்குக் கச்சிதமான இடம். யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வரலாம், கையில் ஒரு கடிகாரம் இருந்தால் போதும். போனில் பேசும்போது ஆட்கள் எல்லாம் கடிகாரம் ஆகிவிடுவார்கள். முகப்பு ரொம்பப் பழசாகி ரிப்பேர் பண்ண முடியாத கடிகாரம் ஒண்ணு இருக்குன்னு சொன்னா, முகத்தைப் பார்த்தாலே யூதர் என்று தெரியக்கூடிய ஒருத்தருக்கு இடம் வேணும்னு அர்த்தம். ஜன்னலில் ஒரு வாட்ச் கம்பெனியின் முக்கோண விளம்பரப் பலகை இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வராதே.

இப்ப சிவில் நண்பர்கள் கவனிங்க. சோதனை வந்தால் ஒளிய ஓர் அறை வேணும். தலைமறைவு இயக்கம் ஒரு கட்டடக் கலைஞரை அனுப்பியது. கோணல்மாணலான அந்த வீட்டைப் பார்த்ததும் அவருக்குக் கொண்டாட்டம். தரைமட்டமே பொருந்தாத வீட்டில் எந்த அறை எவ்வளவு நீளம் இருக்கணும்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்? மேல்மாடியில், எல்லாவற்றுக்கும் உயரத்தில் இருந்த கோரியின் படுக்கையறையைத் தேர்ந்தெடுத்தார். சோதனை போடுகிறவர்கள் அங்கே ஏறி வருவதற்குள் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்பது கணக்கு. பின்சுவருக்கு முன்னால் சுமார் 75 சென்டிமீட்டர் விட்டு இன்னொரு சுவர். மரப்பலகையில் கட்டியிருந்தால் வேலை சுலபம், ஆனா தட்டிப் பார்த்தா உள்ளே காலி என்று சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் செங்கல். கடிகாரப் பெட்டிக்குள்ளும் மடித்த பேப்பருக்குள்ளும் வைத்து செங்கல், சாந்துக்கரண்டி, கலவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தன. ஆறு நாளில் வேலை முடிந்தது. புதுச் சுவரில் தண்ணீர்க் கறை, உரிந்த பெயின்ட் எல்லாம் வேணும்னே போட்டு, நூறு வருஷப் பழசு மாதிரி ஆக்கினார்கள். உள்ளே போக ஒரே வழி, அலமாரியின் அடித்தட்டுக்குக் கீழே நகர்கிற ஒரு பலகை. தவழ்ந்துதான் போகணும். காற்றுக்கு ஒரு துவாரம். உள்ளே தண்ணீர், பிஸ்கட். ஒரு நடுத்தர பீரோ அளவு இடம்.

அதோடு விடவில்லை. வீட்டில் ஒளிந்திருந்தவர்களில் ஒருத்தருக்கு எலக்ட்ரிக்கல் வேலை தெரியும், அவரே அலாரம் மணிக்கு வயர் இழுத்தார். பிறகு ஒத்திகை. மணி அடித்ததும் எல்லோரும் மாடிக்கு ஓடி அறைக்குள் நுழைந்து பலகையை மூடணும். முதல் தடவை நாலு நிமிஷம் ஆனது. நாலு நிமிஷத்தில் அத்தனை பேரும் மாட்டியிருப்பார்கள். திரும்பத் திரும்பச் செய்து ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓடுவது மட்டும் போதாது. படுத்திருந்த மெத்தையைத் திருப்பிப் போடணும், இல்லாட்டி உடம்புச் சூடு காட்டிக்கொடுக்கும். சாப்பாட்டு மேசையில் அதிகப்படியான தட்டு இருக்கக் கூடாது. சாம்பல் கிண்ணத்தில் சாம்பல் இருக்கக் கூடாது. கோரியை நடுராத்திரி உலுக்கி எழுப்பி, யூதர்களை எங்கே வைத்திருக்கிறாய் என்று மிரட்டி ஒத்திகை பார்த்தார்கள். ஆரம்பத்தில் தூக்கக் கலக்கத்தில் உளறினார். பழகப் பழகத்தான் தூக்கத்திலும் பொய் சொல்ல வந்தது.

இந்தப் பொய் விஷயத்தில் அந்த வீட்டுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. அக்கா நோலி எந்த நிலையிலும் பொய் சொல்ல மாட்டார். அவர் வீட்டில் தங்கியிருந்த பெண்ணைக் காட்டி, இவள் யூதப் பெண்ணா என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணையும் நோலியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கோரிக்கு வந்த கோபத்தை நீங்களே ஊகிச்சுக்கலாம். ஆறு நாள் கழித்து தலைமறைவு இயக்கம் உள்ளே புகுந்து அந்தப் பெண் உட்பட நாற்பது பேரை மீட்டது. நோலி சொன்னது சரிதான் என்று அதை வைத்து முடிவு கட்டுறவங்க இருக்காங்க. நான் கோரி பக்கம். மீட்பு நடக்காமல் போயிருந்தால் அந்த உண்மைக்கு விலை கொடுத்திருப்பது நோலி மட்டும் இல்லை. இதே நோலி வீட்டில் நடந்த இன்னொரு கூத்தும் உண்டு. மகன்கள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்த தரைக் குழிக்குள் ஒளிந்திருக்க, சிப்பாய்கள் வந்து அவர்கள் எங்கே என்று மகளிடம் கேட்டார்கள். மேசைக்கு அடியில் என்று அப்படியே உண்மையைச் சொல்லிவிட்டு சிரித்துவிட்டாள். தங்களைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து அவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

1944 பிப்ரவரி 28. கோரி காய்ச்சலில் படுத்திருந்தார். ஒரு ஆள் வந்து, யூதர்களுக்கு உதவியதற்காகத் தன் மனைவியைப் பிடித்துவிட்டார்கள், லஞ்சம் கொடுத்து வெளியே எடுக்க 600 கில்டர் வேணும் என்று கெஞ்சினான். கோரி ஏற்பாடு செய்யச் சொன்னார். அந்த ஆள் ஒற்றன். அன்றைக்கே சோதனை வந்தது. மணி அடித்தது, ஆறு பேர் உள்ளே புகுந்தார்கள். பெட்சி சாமர்த்தியமாக ஜன்னல் பலகையைத் தட்டி விழ வைத்தார். ஆனால் அது ஏதோ அடையாளம் என்று புரிந்துகொண்ட ஒருத்தன் எடுத்துத் திரும்ப நிற்க வைத்துவிட்டான். அதைப் பார்த்து நம்பி வந்தவர்கள் வந்து வந்து மாட்டினார்கள். குடும்பத்தோடு சேர்த்துச் சுமார் முப்பது பேர். சுவர்களைத் தட்டினார்கள், அலமாரிகளை உடைத்தார்கள். செங்கல் சுவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

உள்ளே நாலு யூதர்கள், தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்த ரெண்டு பேர். வெளியே காவல் போட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட ரெண்டு நாள் அந்த 75 சென்டிமீட்டருக்குள் நின்றும் ஒடுங்கியும் இருந்தார்கள். கடைசியில் இயக்கத்தோடு தொடர்பிருந்த போலீஸ்காரர்களே காவல் முறைக்கு வந்து ஆறு பேரையும் வெளியே எடுத்தார்கள்.

காஸ்பருக்கு அப்போது 84 வயது. வயசைப் பார்த்து, இனிமேல் தொந்தரவு கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அதிகாரி சொன்னார். நாளைக்கே யார் கதவைத் தட்டினாலும் திறப்பேன் என்பதுதான் கிழவரின் பதில். பத்து நாளில் கைதியாகவே இறந்துபோனார். தாத்தா அந்த ஜெபக் கூட்டத்தை ஆரம்பித்துச் சரியாக நூறு வருஷம்.

கோரியைத் தனிச்சிறையில் போட்டார்கள். பேச்சுத்துணைக்கு எறும்புகள்தான். ஒரு நாள் நோலியிடமிருந்து கடிதம் வந்தது. உறை மேல் இருந்த எழுத்து ஸ்டாம்ப் பக்கமாகச் சாய்ந்திருப்பதை கோரி கவனித்தார். ஸ்டாம்பை நனைத்து உரித்தால் அடியில் பொடி எழுத்து. அலமாரியில் இருந்த வாட்சுகள் எல்லாம் பத்திரம் என்று. வாட்ச் ரிப்பேர் பண்ணிப் பழகின கண் இல்லையா, அந்தச் சாய்வு தப்பவில்லை. விசாரணை அதிகாரியிடம் தன் வேலையைப் பற்றிப் பேசும்போது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்ததைச் சொன்னார். அந்த மாதிரிப் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த ஓர் அரசின் அதிகாரியிடம், கடவுள் மனிதரை அளக்கும் அளவுகோல் வேறு என்று விளக்கினார். அந்த ஆள் எழுந்து விசாரணையை முடித்துக்கொண்டார்.

ஜூன் மாதம் கோரியையும் பெட்சியையும் வூக்ட் முகாமுக்கு மாற்றினார்கள். நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க நின்று படிக்க வேண்டிய இடம் இது. முகாமுக்குள்ளேயே ஃபிலிப்ஸ் கம்பெனியின் பட்டறை இருந்தது. கோரியை ரேடியோ அசெம்பிளியில் போட்டார்கள். நுணுக்கமான கை வேலை. சிறையில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த விரல்களுக்கு வேலை கிடைத்ததும் கோரி மகிழ்ச்சியாக மூழ்கிவிட்டார். அவர் வேலையைப் பார்த்த மேஸ்திரிக்கு ஆச்சரியம். அவரும் ஒரு கைதிதான், வெளியே பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் மெதுவாகக் கேட்டது இது: அம்மா, யாருக்காக இந்த வேலை செய்கிறோம் என்று ஞாபகம் இருக்கா? இந்த ரேடியோ ஜெர்மன் போர் விமானத்துக்குப் போகிறது. சொல்லிவிட்டு, கோரி சரியாகச் செய்து முடித்ததில் ஒரு வயரைப் பிடுங்கி விட்டு, இதைத் தப்பாக சால்டர் பண்ணுங்க என்றார்.

லேபில் ஒரு ஜாயின்ட் டிரை சால்டர் ஆகிவிட்டால் நமக்குத் திட்டு விழும். இங்கே சரியாகச் செய்தால் குண்டு விழும். அப்பாவிடம் கற்ற அந்தச் சுத்தமான வேலை, வாரத்துக்கு ஒரு செகண்டு தப்பக் கூடாது என்ற அந்தப் பெருமை, அதுவே ஒரு கொலைகாரப் படைக்குப் பயன்படுகிறது. வேலையை நல்லா செய்யணும்னு நாலு வருஷம் சொல்லிக்கொடுக்கிறாங்க. யாருக்கு, எதுக்குன்னு கேட்க ஒரு பேப்பரும் கிடையாது. பிளேஸ்மென்ட் சீசனில் கம்பெனி எவ்வளவு பேக்கேஜ் தருதுன்னு விசாரிக்கிறோம். என்ன தயாரிக்குதுன்னு எத்தனை பேர் விசாரிக்கிறோம்? அந்த மேஸ்திரி கேட்ட கேள்வி ஐம்பது வயது தாண்டிய, கடவுள் பக்தி உள்ள, ரெண்டு வருஷம் உயிரைப் பணயம் வைத்த ஒரு பெண்ணுக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை என்பதுதான் எனக்குத் திக்கென்று இருக்கு. கைக்கு வேலை கிடைத்தால் மனசு கேள்வி கேட்பதை நிறுத்திவிடும் போல.

வூக்டில்தான் தங்களைக் காட்டிக்கொடுத்தவனின் பெயர் தெரிந்தது. கோரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, அவன் கையில் கிடைத்தால் கொன்றுவிடுவேன் என்கிற அளவுக்கு. பெட்சியோ அவனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். பாவம், அவன் மனசு எவ்வளவு வேதனைப்படும் என்று. பெட்சி அப்படிப்பட்டவர். கோரி அப்படி இல்லை. இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் நெருங்கவும், பெண்களைச் சரக்கு வேகனில் அடைத்து ஜெர்மனியில் இருந்த ரேவன்ஸ்ப்ரூக் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கோரியின் எண் 66730. 400 பேருக்குக் கட்டிய கொட்டகையில் ஆயிரத்துக்கும் மேல். வைக்கோல் படுக்கை முழுக்கத் தெள்ளுப்பூச்சி. ஒளித்துக் கொண்டுவந்த ஒரு வேதாகமத்தை ராத்திரி ஒரு சின்ன பல்பு வெளிச்சத்தில் வாசிப்பார்கள். டச்சிலிருந்து ஜெர்மனில் மொழிபெயர்க்க, அது ஃபிரெஞ்சு, போலிஷ், ரஷ்யன் என்று படுக்கை படுக்கையாக நகர்ந்து போகும். காவலர்கள் உள்ளே வரவே இல்லை. காரணம் தெள்ளுப்பூச்சி என்று பின்னால் தெரிந்தது. பெட்சி தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்து நன்றி சொல்லி ஜெபித்த அந்தப் பிரபலமான கதை இதுதான். எனக்கு அதை முழுசா ஏத்துக்க முடியல. கோரிக்கும் அப்போது முடியவில்லை, அக்காவுக்காகச் சேர்ந்து சொன்னார்.

பெட்சி 1944 டிசம்பர் 16 அன்று இறந்தார். வயது 59. சாகும் முன் தங்கைக்கு ஒரு திட்டம் சொல்லிவிட்டுப் போனார். போர் முடிந்ததும் மனசு உடைந்தவர்களுக்கு ஒரு பெரிய வீடு, தோட்டத்தோடு. அதில் முகாமிலிருந்து வந்தவர்கள் மட்டும் இல்லை, முகாமை நடத்தியவர்களும் குணமாகணும். கோரிக்கு அந்த ரெண்டாவது பாதி அப்போது புரியவே இல்லை. சில நாளிலேயே கோரியை விடுதலை செய்தார்கள். அது அலுவலகத்தில் நடந்த ஓர் எழுத்துப் பிழை என்றும், அடுத்த வாரமே அவர் வயதுப் பெண்கள் கொல்லப்பட்டார்கள் என்றும் பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. அண்ணன் வில்லெம் சிறையில் தொற்றிய நோயால் 1946ல் போய்ச் சேர்ந்தார். அண்ணன் மகன் கிக் திரும்பி வரவே இல்லை.

கோரி மறுபடி கடை மேசையில் உட்கார்ந்து பார்த்தார், ஒட்டவில்லை. 1945லேயே ப்ளூமண்டால் ஊரில் ஒரு பெரிய பங்களா கிடைத்தது, பெட்சி சொன்ன வீடு. முகாம்களிலிருந்து வந்தவர்கள் அங்கே தோட்ட வேலை செய்தார்கள், தூங்கினார்கள், பேச வந்தபோது பேசினார்கள். ஜெர்மானியர்களைக் கூட மன்னிக்கத் தயாரானவர்கள், காட்டிக்கொடுத்த சொந்த நாட்டுக்காரனை மன்னிக்கத் தயாராக இல்லை. எதிரிக்கு உதவிய டச்சுக்காரர்களை யாரும் வீட்டில் சேர்க்காதபோது, ஹார்லெம் வீட்டையே அவர்களுக்குத் திறந்துவிட்டார் கோரி. யூதர்கள் ஒளிந்திருந்த அதே வீடு. பின்னால் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் ஒரு பழைய முகாமும் அகதிகள் இல்லமாக மாறியது. தன் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்து, மரண தண்டனையை எதிர்நோக்கி இருந்த அந்த ஆளுக்கும் கோரி கடிதம் எழுதினார்.

பேசவும் ஆரம்பித்தார். 1947ல் மியூனிக் நகரில் ஒரு சர்ச்சில் பேசி முடித்தபோது ஒருவர் வந்து கை நீட்டினார். ரேவன்ஸ்ப்ரூக்கில் காவலராக இருந்தவர். கோரிக்கு முகம் நினைவு வந்துவிட்டது. உடை களைந்து வரிசையில் நிறுத்தப்பட்ட அந்த அறை, கூடவே நின்ற அக்காவின் ஒட்டிய உடம்பு எல்லாமும். மன்னிப்பைப் பற்றி இப்போதுதான் மேடையில் பேசி முடித்திருக்கிறார். கை எழவில்லை. பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி நடித்தார். மனசில் ஒரு துளி இரக்கம் இல்லை. கடைசியில் உணர்ச்சி வரட்டும் என்று காத்திருக்காமல் ஓர் இயந்திரம் மாதிரிக் கையை மட்டும் நீட்டினார். உணர்ச்சி அதற்குப் பிறகு வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கோரி நிறுத்தவில்லை. அதுதான் அவரை எனக்குப் பிடிக்கக் காரணம். பல வருஷம் கழித்து, சொந்த நண்பர்கள் செய்த ஒரு துரோகத்தை மன்னித்த பிறகும் ராத்திரி தூக்கம் கெடுகிறது என்று வெளிப்படையாக எழுதினார். மன்னிச்சாச்சு, அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப வலிக்குது? ஒரு பாதிரியார் அவருக்குச் சர்ச் மணியைக் காட்டி விளக்கினார். கயிறை விட்ட பிறகும் மணி கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டுதான் இருக்கும், ஒவ்வொரு அடியும் மெதுவாகி மெதுவாகி நிற்கும். கயிறை மறுபடி இழுக்காமல் இருந்தால் போதும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் டாம்பிங் படிச்சவங்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெண்டுலங்களோடு வாழ்ந்த ஒருத்தருக்கு இது சட்டென்று பிடித்துப்போனதில் ஆச்சரியமும் இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல், 60க்கும் அதிகமான நாடுகளில் பேசினார். பெரிய இறையியல் பேச்சு கிடையாது. டச்சு வாடை அடிக்கும் எளிய இங்கிலீஷ், கையில் ஒரு பொருள். பூவேலை செய்த துணியைத் தலைகீழாகப் பிடித்து, சிக்கலும் முடிச்சுமாக இருக்கும் பின்பக்கத்தை முதலில் காட்டுவார், அப்புறம் திருப்பி முன்பக்கத்துக் கிரீடத்தைக் காட்டுவார். 1967ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் அவரை கௌரவித்தது. 1971ல் ஜான், எலிசபெத் ஷெரில் தம்பதியோடு சேர்ந்து எழுதிய தி ஹைடிங் ப்ளேஸ் வெளியானது. 1975ல் அது படமும் ஆனது. படிக்கணும்னு நினைச்சா அந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிங்க. சாகசக் கதை மாதிரி ஓடும், பாதியில் வைக்க முடியாது. படம் பரவாயில்லை, புத்தகம் அளவுக்கு இல்லை.

1977ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் குடியேறினார். அத்தனை வருஷம் பெட்டியும் கையுமாக அலைந்தவருக்கு வயதான காலத்தில் சொந்தமாக ஓர் இடம். அடுத்த வருஷமே பக்கவாதம் வந்து பேச்சு போனது. பேசிப் பேசியே உலகம் சுற்றியவர் கடைசி ஐந்து வருஷம் வார்த்தை வராமல், கண்ணாலும் கையாலும் மட்டும் பக்கத்தில் இருந்தவர்களோடு பேசினார். 1983 ஏப்ரல் 15 அன்று, தன் 91வது பிறந்தநாளில் இறந்தார்.

ஹார்லெம் வீடு 1988லிருந்து மியூசியம். கோரியின் படுக்கையறைச் சுவரில், ஒளிந்திருந்த இடம் தெரிகிற மாதிரி செங்கல்லை உடைத்து ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தேடி வந்தவர்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியாத இடத்தை இப்போது வருகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.